ஐந்து ஃபிராங்குக்குப் பெயர் தாலா

கல்மியில் ஐந்து ஃபிராங்குக்குப் பெயர் தாலா.
ஆயிரம் என்றால் இருநூறு.
உசைனா விரல்விட்டு எண்ணும்போது
எந்தத் தொகையும் ஐந்தில் ஒன்றாய்ச் சுருங்கும்,
கடனைத் தவிர.

மார்ச்.
ஊதா வெங்காயம் ஊரெல்லாம் கிடக்கிறது,
தார்ச்சாலை ஓரம், மசூதிச் சுவரின் நிழலில்.
ஆடுகள்கூட முகர்ந்துவிட்டு நகர்கின்றன.
மூட்டை ஏழாயிரம் என்கிறார் தரகர் சலிசு.
மூட்டை என்றால்
சாக்கின் வாய்க்கு மேல் வலை கட்டி
இன்னொரு முழம் ஏற்றிய மூட்டை.
அந்த முழத்துக்கு விலை கிடையாது.

சஹிரு விற்றுவிட்டான்.
பம்புக்கு ஊற்றிய பெட்ரோல்
எல்லை தாண்டிக் கேனில் வந்தது, கடனில் வந்தது.
யூரியாவும் அப்படித்தான்.
லாரி கிளப்பிய புழுதி அடங்குமுன்
பணம் அவன் சட்டைப்பையைக் கடந்து போயிருந்தது.

உசைனா தன் பாத்தியின் பதினோரு மூட்டையைக்
கொடுக்கவில்லை.
"செப்டம்பரில் முப்பதாயிரம் போகும்."
"செப்டம்பர் என்ன, உன் சித்தப்பா மகனா?"
என்றான் சஹிரு.

கம்புத் தட்டை கொண்டு ஒரு ருடு கட்டினாள்,
ஆள் குனிந்து நுழையும் உயரம்.
தினமும் விடியலில் அதற்குள்.
ஒவ்வொன்றின் கழுத்தையும் கட்டைவிரலால் அழுத்துவாள்.
மெத்தென்றால் வெளியே.
ஏப்ரலில் பத்துப் பதினைந்து. மே மாதம் ஒரு கூடை.
முதல் மழை கூரைக்குள் ஒழுகிய இரவில்
ஒரு மூட்டையும் பாதியும்.
அழுகல் வட்டியைப் போல,
வெள்ளிக்கிழமையும் வேலை செய்யும்.

குமாசியிலிருந்து கொழுந்தன் பேசுவான்.
"ஏறியிருக்கு அண்ணி."
"எவ்வளவு?"
இணைப்பு அறுந்துபோகும்.
மறுபடி கிடைக்கும்போது விலை வேறு.
ஒரு வாரம் எல்லையை மூடினார்கள்,
ஒரு வாரம் திறந்தார்கள்.
ஒரு வாரம் ஹாலந்து வெங்காயம் கப்பலில் வந்து இறங்கியது,
ஒரே அளவு, ஒரே நிறம்,
யார் கட்டைவிரலும் படாதது.

என் மொழியில் விளைச்சலுக்கும் விலைக்கும் நடுவே
நாக்கைச் சற்றே மடிக்கும் தூரம்.
இங்கே அது ஆறு மாதம்.
உரித்தால் ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னவர் யாரோ,
ஒரு மழைக்காலம் முழுக்க
வெங்காயத்துக்குக் காவல் இருந்திருக்க மாட்டார்.

ஆகஸ்டில் சின்னவனுக்கு மலேரியா.
நான்கு மூட்டை பதினெட்டாயிரத்துக்குப் போனது.
பத்தே நாளில் இருபத்தாறு.
அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை,
பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.
அழுகியது போக மிஞ்சியது மூன்று.
செப்டம்பரில் முப்பத்திரண்டாயிரம்.

மொத்தம் முப்பத்து மூவாயிரத்து அறுநூறு தாலா.
இரண்டு முறை எண்ணினாள்.
மூன்றாம் முறை கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினாள்.

ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது.
மறு வருஷம் வீட்டுக்கொரு ருடு.
கம்புத் தட்டைக்கே விலை ஏறியது.
மார்ச்சில் லாரிகள் பாதி காலியாய்த் திரும்ப
சலிசு ஒன்றும் பேசாமல்
பல்குச்சியை இடமிருந்து வலம் மாற்றிக்கொண்டார்.

செப்டம்பர் வந்தது,
எல்லோருக்கும் சித்தப்பா மகனாக.
ஒரே காலையில் எல்லா ருடுவும் திறந்தன.
சாலையோரம் மறுபடி ஊதா. ஆடுகள் மறுபடி முகர்ந்தன.
ஒன்பதாயிரம் என்றார் சலிசு,
இன்றைக்கு மட்டும்.

ஆயிரத்து எண்ணூறு தாலா.
அதிலும் அந்த முழம் இலவசம்.

உசைனா கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.
குனிந்து ருடுவுக்குள் எட்டிப் பார்த்தாள்.
உள்ளே சஹிரு,
இருட்டில் மண்டியிட்டு
ஒவ்வொன்றாய் எடுத்து அமுக்கிக்கொண்டிருந்தான்,
தப்பான இடத்தில்.

"கழுத்தை அமுக்கு," என்றாள்,
"வயிற்றை இல்லை."